அந்தப் பாடகனின் புதிய குரல்

குளுவாங்கிலிருந்து கோத்தா திங்கிக்கு அண்ணனும் நானும் காரில் போய்க்கொண்டிருந்தோம். அங்கே சித்தி மகளுக்கு வளைகாப்பு. எங்கள் இருவருக்கும் உயிரான பிளாக் மெட்டல் ராக் இசைக்குழுவின் புதிய ஆல்பம் அன்று காலைதான் வெளிவந்திருந்தது. முதல் தடவை சேர்ந்துதான் கேட்பது என்று எங்களுக்குள் வெகுநாளாக ஒரு பேச்சு உண்டு. அதனால் கார் கிளம்பும்வரை இருவரும் அதைத் தொடவில்லை.

அந்தக் குழுவின் பாடகனுடைய பழைய அலறலைக் கேட்டு, "யாரையோ கழுத்த அறுக்குற மாதிரி இருக்குடா" என்று அம்மா கதவைச் சாத்துவார். அண்ணனுக்கோ அந்த அலறல்தான் பாடம். தொழிற்சாலை வேலை போக, வார இறுதியில் ஜொகூர் பாருவில் ஒரு குழுவில் அதே மாதிரி கத்துவான். போன வருஷம் அவன் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அதை எடுத்தால் குரல் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு கரகரப்பாகத் திரும்பி வந்தது. அலறல் வரவில்லை. தன்னால் முடியாததை அந்த ஆளாவது செய்துகாட்டுவான் என்றுதான் இந்த ஆல்பத்துக்குக் காத்திருந்தான்.

பாட்டு தொடங்கியது. வயலின்கள், பின்னால் கோரஸ், நடுவில் கண்ணாடி மாதிரி சுத்தமான ஒரு குரல். மூன்றாவது பாட்டில் அண்ணன் சத்தத்தைக் குறைத்தான்.

"இது அவன்தானா?"

போனில் பார்த்தேன். "அதே ஆளுதாண்ணே."

"நல்லாத்தான் பாடுறான். ஆனா பயமே வரல லா."

எனக்கும் வரவில்லை. ஆனால் வேறு ஏதோ உறுத்தியது. செத்தவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறொருவர் வீட்டுக்குள் வந்து நிற்பதுபோல் இருந்தது.

வழியில் பிடித்த மழை வலுத்தது. எதிரே வந்த மோட்டார்சைக்கிள்காரர் கையை ஆட்டி நிறுத்தி, முன்னால் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் காரை, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து மண்சாலை ஒன்றில் ஏற்றி, மேட்டில் நிறுத்தினான். என்ஜினையும் பாட்டையும் அணைத்தான். பிற்பகல்தான். ஆனாலும் மரங்களுக்கடியில் விளக்குப் போடுமளவுக்கு இருட்டு.

அப்போது அது கேட்டது. நீளமாக, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும் ஒரு சீறல். பழைய ஆல்பங்களில் கேட்ட அதே குரல். இருவரும் ஸ்டீரியோவைப் பார்த்தோம். அது அணைந்துதான் கிடந்தது.

மறுபடியும் கேட்டது. மரங்களுக்கிடையில் உயரமான கம்பத்தின்மேல் ஒரு மரப்பெட்டி தெரிந்தது.

"ஆந்தைப் பெட்டிண்ணே. எலி பிடிக்க ஆந்தைக்குக் கூடு வைப்பாங்கல்ல, அது. குஞ்சுங்க கத்துது" என்றேன். 

அண்ணன் கதவைத் திறந்து மழையில் இறங்கிப் போனான். கம்பத்தடியில் எனக்கு முதுகைக் காட்டி நின்று, அண்ணாந்து பார்த்தான். அவன் தோள்கள் மேலேறின. பெட்டியில் சத்தம் சட்டென்று நின்றது. மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

பிறகு அந்த அலறல் வந்தது. முன்பைவிடப் பெரிதாக, முன்பைவிடக் கிட்டத்தில். அது மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அண்ணன் சொட்டச் சொட்டக் காருக்குள் வந்து உட்கார்ந்தான். உதடுகள் வெளுத்திருந்தன.

"அண்ணே, நீயா கத்துன?"

கழுத்துத் தழும்பைத் தடவினான். "தெரியல" என்றான், அதே கரகரத்த குரலில்.

தண்ணீர் வடிந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வளையல் போட்டு முடிந்திருந்தது.  அந்த ஆல்பத்தைப் பிறகு நான் தனியாக முழுசாகக் கேட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. மறுபடி கேட்கவும் தோன்றவில்லை. அண்ணன் அதை மறுபடி போடவே இல்லை. மழை பிடிக்கும் விடுமுறை நாட்களில் மட்டும் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். எங்கே என்றால், "சும்மா ஓட்டிட்டு வரேன்" என்கிறான். திரும்பி வரும்போது டயர்களில் தோட்டத்து மண் ஒட்டியிருக்கும். கூட வரட்டுமா என்று நான் கேட்பதில்லை.