கடல் படாத பற்றரி

பழைய பற்றரி வாங்கப் போனால் நக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சுனாமி எங்களுக்குப் பழக்கிவிட்ட அசிங்கம் அது. கடல் வந்து போன மாதங்களில், மூழ்கிய வாகனங்களின் பற்றரிகள் மட்டக்களப்புக் கடைகளில் குளித்து முழுகி, புது ஸ்டிக்கரோடு நின்றன. பெட்டியின் இடுக்கில் விரலைத் தேய்த்து நாக்கில் வைப்போம். புளித்தால் அசிட், பரவாயில்லை. உப்புக் கரித்தால் கடல், வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். கடல் பட்ட பற்றரி அதிக நாள் தாங்காது. அதைவிட, அந்த வாகனத்துக்குள் யார் இருந்தார்களோ என்ற நினைப்பு. மீன் தின்னவே சனம் கூசிய காலம் அது.

சண்டை முடிந்த வருடம் என் காரின் பற்றரி செத்தது. மனைவிக்கு நிறைமாதம். தன்னாமுனையில் எங்கள் ஒழுங்கைக்குள் இருந்த வாகனம் அந்தக் கிழட்டுக் கார் ஒன்றுதான், அதுவும் ஆட்கள் சேர்ந்து தள்ளினால்தான் உயிர் வரும். வலி வந்த பிறகு தள்ள ஆள் தேடிக்கொண்டு நிற்க முடியுமா? ஒரே திருப்பில் பிடிக்கிற பற்றரி எனக்கு அன்றைக்கே வேண்டும்.

"புதுசு கொழும்பில இருந்து வரோணும் தம்பி. அடுத்த கிழமை பாப்பம்" என்றார் டவுண் கடைக்காரர். பிறகு ஒரு பழைய பற்றரியைக் காலால் என் பக்கம் தள்ளினார். காலால் தள்ளியதே எனக்குப் பிடிக்கவில்லை. தூக்குவதற்காக அதன் இரண்டு காதிலும் ஒரு சீலைத் துண்டு கட்டியிருந்தது. வயரை உரசிக் காட்டினார். நல்ல பொறி. நான் வழக்கம்போல இடுக்கில் தேய்த்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

"அண்ணே, இது கடல் பட்ட சாமான்."

"சுனாமிச் சாமானெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சு. இது கடல் படல்ல தம்பி, கடற்கரையில கிடந்தது. வன்னியில இருந்து பழைய இரும்பு லொறியில வந்த."

வன்னிக் கடற்கரை என்றால் கடைசிச் சண்டை நடந்த மணல். கையில் இருந்ததையெல்லாம் சனம் போட்டுவிட்டு ஓடிய இடம், ஓட முடியாதவர்கள் அங்கேயே கிடந்த இடம். வாசலுக்குப் போய்த் துப்பினேன். எத்தனை துப்பியும் அந்த உப்பு போகவில்லை.

"இத விக்க உங்களுக்கு அரியண்டமா இல்லையா?"

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "நான் விக்க வந்த ஆள். நீங்க வாங்க வந்த ஆள். இதில என்ன அரியண்டம்?"

பளாரென்று அறையலாம் போல இருந்தது. ஆனால் சுத்தமான பற்றரிதான் வேண்டும் என்றால் மனைவியின் வயிறு அடுத்த கிழமை வரை பொறுக்க வேண்டும். அந்தத் துணியையாவது அறுத்துப் போடச் சொன்னேன்.

"அறுத்தா எதில பிடிச்சுத் தூக்குவீங்க?" என்றார்.

அதில் பிடித்துத்தான் தூக்கி வந்தேன். வீட்டில் சவர்க்காரம் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே வலி வந்தது. வெட்கங்கெட்ட கார் ஒரே திருப்பில் பிடித்தது. பெண் பிள்ளை.

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும் வழியில் ரேடியேற்றருக்குத் தண்ணீர் விடப் பொனட்டைத் திறந்தேன். மனைவி பிள்ளையை மாரோடு அணைத்தபடி இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். சீலைத் துண்டைத் தொட்டாள்.

"இது ஆரு கட்டின?"

"தெரியாது. வன்னிக் கடற்கரையில கிடந்ததாம். தூக்கிறதுக்கு ஆரோ கட்டியிரிக்காங்க."

"முடிச்சப் பாருங்க. இது ஏணை முடிச்சு. புள்ள விழாம இரிக்கப் பொம்புளையள் போடுற."

எங்கள் பிள்ளைக்கு ஏணைத் தொட்டில் கட்ட வீட்டில் ஒரு பழைய சீலையைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள். அன்று அதை எடுக்கவில்லை. பொழுது படும்வரை பிள்ளையை மடியை விட்டு இறக்கவும் இல்லை.