நடுக்கட்டம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டுதான். வேலையிடத்தில் எல்லோருக்கும் அவர் 'சுமார்' அண்ணன். படம் எப்படி? சுமார். உடம்பு எப்படி? சுமார். கல்யாணமான புதிதில் அவருடைய அக்கா, "உன் பொண்டாட்டி எப்படிடா?" என்று கேட்டதற்கும் அதே பதில்தான். மனைவி அதை இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிக் காட்டுகிறாள்.

அது பாராட்டும் இல்லை, குறையும் இல்லை. நம் ஆட்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு வேலையே வேறு. நல்லா இருக்கு என்றால் அப்படி என்ன இருக்கு என்பார்கள், மோசம் என்றால் என்ன ஆச்சு என்பார்கள். சுமார் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

லிஃப்ட் சோதனை அட்டையிலும் மூன்று கட்டங்கள்: நன்று, சுமார், மோசம். நன்றில் டிக் போட்டுவிட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் அவர் தலைதான் உருளும். மோசத்தில் போட்டால் லிஃப்ட்டை நிறுத்த வேண்டும், மாடிக்காரர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அதனால் இருபத்திரண்டு வருஷமாக நடுக்கட்டம். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் அதுவே சரி என்றாகிவிட்டது.

அன்று காலை ஓர் எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் நின்று, பழைய துணியால் கம்பிக் கயிற்றைச் சுற்றிப் பிடித்தபடி லிஃப்ட்டை மெதுவாக ஓடவிட்டார். கம்பி இழை அறுந்திருந்தால் துணி மாட்டும். போன மாதம் இரண்டு இடத்தில் மாட்டியது. சுமார் என்று போட்டார். இப்போது சாணுக்குச் சாண் மாட்டி, துணியே கிழிந்து தொங்கியது. மற்ற கயிறுகளிலும் அதே கதைதான். மூன்று வாரமாக மகள் வேலைக்கு வருவது இந்தக் கட்டடத்தின் ஏழாவது மாடிக்குத்தான்.

லிஃப்ட்டை நிறுத்தினார், அறையைப் பூட்டினார். முதல் தடவையாக மோசத்தில் டிக் போட்டு, நகலை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, புதுக் கயிறு கேட்க பஸ் பிடித்து அலுவலகத்துக்கு ஓடினார்.

அங்கே அட்டைகளை வாங்கி வைக்கும் பெண் அவரைப் பார்த்ததுமே சிரித்தாள். "என்னண்ணே, தூக்கக் கலக்கமா? வாட்ச்மேன் போன் பண்ணாரு, மோசம்னு போட்டிருக்குன்னு. எங்க அண்ணனாவது மோசம்னு எழுதுறதாவது, டிக்கு பக்கத்துக் கட்டத்துல விழுந்திருக்கும்னு சொன்னேன். அவர்கிட்ட மாத்துச் சாவி இருக்குல்ல, அப்பவே ஓட விட்டுட்டாரு."

மகளின் நம்பரை இரண்டு முறை தப்பாக அழுத்தி, மூன்றாவது முறைதான் கிடைத்தது.

"சொல்லுங்கப்பா. சாப்பிட்டுட்டு இப்பதான் லிஃப்ட்ல ஏறுறோம்."

"ஏறாதம்மா! எறங்கு, எல்லாரையும் எறக்கு. லிஃப்ட் மோசம்மா, ரொம்ப மோசம்!"

அவள் சிரித்தாள். "மோசமா? உங்க வாயிலருந்தா? ஏய், எங்கப்பா ஒண்ண மோசம்னு சொல்றாருடி! இன்னிக்கு மழைதான்."

பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். கதவு மூடும் சத்தம் கேட்டது. கதவு மூடிவிட்டால் உள்ளே சிக்னல் கிடைக்காது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.