வயிற்றில் நெல் பதிந்த ஜீப்

கும்பகோணத்துப் பழைய சாமான் கடைக்காரர் போன வாரம் போனில், "மேடம், ரப்பர் ஜீப் ஒண்ணு வந்திருக்கு, செவப்பு" என்றார். பழைய ரப்பர் பொம்மை வண்டிகளைச் சேர்க்கிறவள் நான். பஸ், லாரி என்றால் ஓடிப்போய் வாங்கிவிடுவேன். சிவப்பு ஜீப் என்றால் மட்டும் பயம்.

பழைய ரப்பர் வண்டியைக் கண்டுபிடிப்பது எளிது. உள்ளங்கையில் தேய்த்தால் சைக்கிள் டியூப் வாசனை வரும். சக்கரங்களைக் கம்பியில் கோத்திருக்கும். நான் முதலில் பார்ப்பது வயிற்றை. நெல் பதிந்த தழும்பு இருக்கிறதா என்று. இப்படி ஒரு நிபுணரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அன்றும் கடைக்குப் போய்த் திருப்பிப் பார்த்தேன். வழவழவென்றிருந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோயிலில், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வீடு வீடாகப் பொம்மை இரவல் வாங்குவார்கள். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் பஸ் நிற்கும், ஜீப் நிற்கும். மூன்று ராஜாக்கள் அதையெல்லாம் தாண்டி வருவார்கள். எட்டு வயதில் அங்கிருந்த சிவப்பு ரப்பர் ஜீப்பைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து, வீட்டுப் பத்தாயத்தில் நெல்லுக்குள் புதைத்தேன். புழுக்கத்தில் ரப்பர் இளகி, அடியில் நெல் ஒட்டிக்கொண்டது. பிய்த்தால் பள்ளம் பள்ளமாகத் தழும்பு.

குடிலுக்குப் பொறுப்பு உபதேசியார். கோயிலில் மணியடிப்பதும் எங்களுக்கு ஜெபம் சொல்லித்தருவதும் அவர்தான். ஜீப்புக்குச் சொந்தக்காரர்கள் அவர் பிள்ளைகள் மேல் பழி போட்டார்கள். "எடுத்திருந்தா குடுத்துடுங்க பாப்பா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் எனக்குப் புதுநன்மை, அதாவது பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை, நன்மையை, முதல் தடவை வாங்கும் நாள். உபதேசியார் மகள் ரோஸி வேறு, "பாவத்த மறைச்சு நன்மை வாங்குனா நாக்குல ரத்தம் வரும்டி" என்று சொல்லிவைத்திருந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் தம்பியைக் கிள்ளியதுவரை சாமியாரிடம் ஒப்பித்தேன். ஜீப்பைச் சொல்லவில்லை. அன்றே அதைக் குடமுருட்டி ஆற்றில் எறிந்தேன். பாழாய்ப்போன ஜீப் முங்கவில்லை, மிதந்துகொண்டே போனது. யார் கையில் கிடைக்குமோ என்று, கண்ணுக்கு மறையும்வரை கரையிலேயே நின்று பார்த்தேன். நன்மை வாங்கிய அன்று முழுக்க எச்சிலைத் துப்பித் துப்பிப் பார்த்தேன். ரத்தம் வரவில்லை. பயமும் போகவில்லை.

அடுத்த மாதமே உபதேசியார் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது.

போன வருஷம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணத்தில் ரோஸியைப் பார்த்தேன். அவளாகவே சிரித்துக்கொண்டு பேச்செடுத்தாள். "அந்த ஜீப்ப எங்க அண்ணன்தான் எடுத்தான்னு அப்பா பெல்ட்டால அடிச்சாரு. கடைசி வரைக்கும் அவன நம்பவே இல்ல."

"அண்ணன் எப்படியிருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அப்பா போயி ஆறு வருஷம். அண்ணன் அதுக்கு முன்னாடியே போயிட்டான்."

இப்போது குடிலுக்கு யாரும் பொம்மை இரவல் கேட்பதில்லை. செட்டாகக் கடையில் வாங்கிவிடுகிறார்கள். அடித்தவரும் இல்லை, அடி வாங்கியவனும் இல்லை. ரோஸி என் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப்போனாள். அவளிடமும் நான் சொல்லவில்லை.