இரண்டு பாதை என்று எழுதிக் கொடுத்தேன்

மைசூரில் ஒரு மருத்துவமனைக்குப் புதிதாக ஃபிளாஷ் ஸ்டோரேஜ் வந்திருந்தது. சர்வர்களை அதனுடன் இணைப்பது என் வேலை. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் இரண்டு ஃபைபர் கேபிள்கள், இரண்டு வெவ்வேறு சுவிட்சுகள் வழியாக ஸ்டோரேஜுக்குப் போக வேண்டும். ஒரு சுவிட்ச் நின்றாலும் மற்றதன் வழியாக வேலை நடக்கும். அதற்குத்தான் இத்தனை செலவு என்று மேலாளருக்குப் படம் போட்டு விளக்கியவனே நான்தான்.

கேபிள் இழுக்க வந்தவர், எல்லையோரம் தமிழ் பேசும் கோபிநத்தத்துக்காரர், என் வயதுதான். காலையில் என் அம்மா போனில் அழைத்தபோது தமிழில் பேசினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம பக்கத்துப் பேச்சாட்டவே இருக்குதுங்க சார்."

எனக்கு அது பிடிக்கவில்லை. என் அப்பாவும் அதே பக்கத்து ஹனூரிலிருந்து மைசூருக்குக் கொத்து வேலைக்கு வந்தவர். அலுவலகத்தில் என்னைக் கன்னடக்காரன் என்றே நினைத்தார்கள். நான் திருத்தியதில்லை.

மாலைக்குள் வேலை முடிய வேண்டும். கடைசியாக இருந்தது ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வர். இரண்டாவது சுவிட்சில் அதன் கேபிளைச் செருகுவதற்கான சின்ன மாட்யூல் ஒன்று குறைந்தது. இரண்டையும் முதல் சுவிட்சிலேயே போடச் சொன்னேன். மேலாளர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சார், ரெண்டும் ஒரே பொட்டிக்குத்தானுங்க போகுது. பரவால்லீங்களா?"

கேபிள்காரர் கேட்டது சரியான கேள்வி. மேலாளர் முன்னால் தமிழில் கேட்டதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"ஹேளிதஷ்டு மாடி" என்றேன். சொன்னதை மட்டும் செய்யுங்கள் என்று, கன்னடத்தில், வெடுக்கென்று. பிறகு படிவத்தில், எல்லாச் சர்வருக்கும் இரண்டு பாதை, சோதித்தாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாட்யூல் அடுத்த வாரமே வந்தது. என் பையின் பக்கவாட்டு அறையில் அப்படியே கிடந்தது. சோம்பல்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சர்வர் அறையைத் துடைத்தோம். மறுநாள் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்துப் பூச்சூட்ட வேண்டும். கேபிளுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்ட அந்தக் கேபிள்காரரும் வந்திருந்தார். முதல் சுவிட்சில் தூசி அப்பியிருந்தது. அணைத்துவிட்டுத் துடைக்கலாமா என்று மேலாளர் கேட்டார். தாராளமாக, இரண்டு பாதை இருக்கிறதே என்றேன். எனக்கு அந்தச் சர்வர் நினைவிலேயே இல்லை.

அணைத்ததும் பரிசோதனைக் கூடத்தின் திரைகள் உறைந்தன. சுவிட்சைத் திரும்பப் போட்டும் சர்வர் எழ ஒரு மணி நேரமானது. கூடத்து ஜன்னலுக்கு வெளியே ரிப்போர்ட்டுக்காகச் சீட்டோடு வரிசை நின்றது. ஒருவர் தோளில் குழந்தை காய்ச்சலில் துவண்டு கிடந்தது.

இரண்டு கேபிளையும் ஒரே சுவிட்சில் செருகியது யார் என்று மேலாளர் கேட்டார்.

"கேபிள் வேலைக்கு வந்தவங்கதான்" என்று கன்னடத்தில் சொன்னேன். வார்த்தையளவில் பொய்யில்லை.

கேபிள்காரருக்குக் கன்னடம் புரியும். என்னைப் பார்த்தார். நான் அடுத்து ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார் போல. நான் திரையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் கழுத்திலிருந்த நுழைவு அட்டையை அங்கேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தக்காரர் அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் போன பிறகு, பையிலிருந்த மாட்யூலை எடுத்து ஒரு கேபிளை மாற்றிச் செருகினேன். இரண்டு நிமிட வேலை.

சில மாதம் கழித்து மைசூரின் அக்ரஹாரம் பகுதியில் அவரைப் பார்த்தேன். ஒரு கடை வாசலில் ஏணி மேல் நின்று கேமராவுக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி வந்து, அந்தக் கேபிளை மாற்றியாயிற்றா என்று மரியாதையாகக் கேட்டார். திக்கித் திக்கி, கன்னடத்தில்.

"மாத்திட்டேங்க" என்றேன், தமிழில்.

"ஒள்ளேது சார்", நல்லது என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.