முதுகு காட்டிய அக்கா

திருத்தங்கல் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் என் அக்காவைப் பிடிக்க ஆளே கிடையாது. கபடியில் மட்டும் எல்லாரும் பிடித்தார்கள்.

எதிரணிக்குள் பாடிப் போவாள், ஒருத்தியைத் தொடுவாள், தொட்ட கையோடு முதுகைக் காட்டிக்கொண்டு நடுக்கோட்டைப் பார்த்து ஓடுவாள். பின்னாலிருந்து எவளாவது கணுக்காலைப் பிடிப்பாள். அக்கா மண்ணைக் கவ்வுவாள். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்காவுக்கோ அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை. ஓடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அப்பாவின் கட்சி. விடியற்காலையில் அவளை எழுப்பி விருதுநகர் ரோட்டில் ஓடவிட்டார். அவளும் முன்னைவிட வேகமாக ஓடிப்போய் மாட்டினாள்.

கடைசியில் பி.டி. டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஓட்டத்துல குறையே இல்லக்கா. கபடிக்கு அந்த ஓட்டம் ஆகாது. தொட்டதும் எதிராளியப் பாத்துக்கிட்டே பின்னால வரணும். இவ திரும்பியே பாக்க மாட்டேங்கா. யாரு பழக்குனதோ!"

பழக்கியது அம்மாதான். அவள் பட்டாசு ஆலையில் மருந்து அடைக்கிறவள். எங்களுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்தே சொல்லி வைத்திருந்தாள்: சத்தம் கேட்டால் பக்கத்திலிருக்கும் வாசல் வழியாக ஓடு, செருப்பைத் தேடாதே, திரும்பிப் பார்க்காதே. லீவு நாளில் திடீரென்று சட்டியைத் தட்டுவாள். நாங்கள் வீட்டைவிட்டுத் தெறித்து ஓட வேண்டும். எங்களுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

டீச்சரிடம் அம்மா இதையெல்லாம் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் வேலைவிட்டு வந்ததும் சேலையை இழுத்துச் செருகி, வீட்டுக்குப் பின்னால் ஒரு கோடு கிழித்து, எதிரணியாக நின்றுவிட்டாள். நீள ஓட்டத்தை நிறுத்தினாள். அப்பாவுக்கு ஒரே வருத்தம். குனிந்து பாய்வது, பின்னால் நழுவுவது, மூச்சை விடாமல் பாடுவது, சாயங்காலமெல்லாம் இதே வேலை. அக்கா முதுகைக் காட்டினால் காலை வாரிவிடுவாள், ஈவிரக்கமே கிடையாது. "ஏட்டி, என்னையப் பாரு! என் கண்ணப் பாத்துக்கிட்டே போ!" நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு இப்படித் துள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆள் எடுத்த அன்று அக்கா இரண்டு பேரைத் தொட்டாள். மிச்சப் பேரையெல்லாம் கண்ணாலேயே நிறுத்திவைத்து, பின்னாலேயே நழுவி வந்து கோட்டை மிதித்தாள். அவள் பெயரை வாசித்ததும் நான் குதித்த குதியில் என் பின்னல் அவிழ்ந்துவிட்டது. அம்மா குதிக்கவில்லை. அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இது கோட்டுக்குள்ள மட்டுந்தாண்டி. வேற எங்கனயும் திரும்பிப் பாத்துராத," என்றாள். ஜெயித்த நேரத்தில்கூட ஒரு புத்திமதியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, அதே ஆலையில் நடந்த விபத்தில் இறந்துபோனவள் என்பது எனக்கு அப்போதே தெரியும். பத்திரமாக வெளியே வந்துவிட்டவள், தங்கச்சியைக் காணோமே என்று திரும்பிப் பார்த்து, மறுபடி உள்ளே போனாள் என்பதுதான் தெரியாது.