கொசுறாகப் போட்ட உருண்டை

எங்கள் ஜவ்வாது மலைப் பக்கம் மனிதன் உயிர் வாழ வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்ட, ஒன்றே போதும். காலையில் சட்னி, சாயங்காலம் வறுத்தது, நடுவில் யாராவது வந்துவிட்டால் வேகவைத்தது. சமையலுக்கு ஊற்றுவதும் அதன் எண்ணெய்தான். இப்படிப்பட்ட ஊரில் என் மகளுக்கு வேர்க்கடலை ஆகாமல் போயிற்று. குழந்தையாக இருக்கும்போது ஒரு கல்யாண வீட்டில் யாரோ கொஞ்சிக்கொண்டே அவள் வாயில் கடலை மிட்டாயை ஊட்டிவிட்டார்கள். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஜீப்பில் வேலூர் போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இனி அதன் தூள்கூட உள்ளே போகக் கூடாது, போனால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார்.

உறவுக்காரர்கள் அவரைவிடப் பெரிய டாக்டர்கள். "மல்லாட்ட ஒத்துக்காதா? இது இன்னா புதுசா கீது? கொஞ்சங் கொஞ்சமா குடுத்துப் பழக்கு, சரியா பூடும்" என்றார்கள். பழக்கும்போது மூச்சு நின்றுவிட்டால் உங்களில் யார் வந்து ஊதுவீர்கள் என்று கேட்டேன். அன்றிலிருந்து எனக்கு வாய் நீளம் என்று பெயர்.

கடையில் அவளுக்கு நம்பி வாங்கித்தர எதுவும் இல்லாததால் நானே செய்ய ஆரம்பித்தேன். சாமையை வறுத்து அரைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிடித்த உருண்டை. அதை வைத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து தின்றாள். இவளைப் போல இன்னும் எத்தனை பிள்ளைகளோ என்று தோன்றியதும் நான் தொழில்முனைவோர் ஆகிவிட்டேன். அதாவது, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, மீசை வைத்த ஆம்பளை உருண்டை பிடிக்கிறான் என்று ஊரே சிரிக்கும் உயரத்துக்குப் போனேன். மாவு மில்லில் கடலைத் தூள் ஒட்டியிருக்கும் என்று வீட்டிலேயே ஒரு சின்ன மிஷின் வாங்கிப் போட்டேன். மறுநாளே பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணம் வறுத்த கடலையோடு வந்து நின்றார். "மிஷின் சும்மாதான கீது, இத்த ஒரு சுத்து வுட்டுக் குடுப்பா." முடியாது என்றேன். கஞ்சன் என்ற பட்டமும் கிடைத்தது.

பாக்கெட்டில் 'வேர்க்கடலை துளியும் சேராதது' என்று பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணமங்கலத்தில் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் கொடுத்தேன். ரொம்ப நாள் சீண்டுவாரில்லை. பிறகு திடீரென்று விற்கத் தொடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜனங்கள் விழித்துக்கொண்டார்கள் என்று மனைவிக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

என் வெற்றியைக் காட்ட ஒருநாள் மகளைக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைக்காரர் தங்கமான மனுஷர். அவளைப் பார்த்ததும் ஓர் உருண்டையை எடுத்துக் கையில் திணித்தார். அவள் மோந்து பார்த்தாள். நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றாள்.

"அப்பா, இது மல்லாட்ட."

நிறமும் அளவும் என் உருண்டையேதான். "ஆமாம்ப்பா, எங்கூட்டுல இடிச்சிப் புடிச்சது" என்றார் கடைக்காரர், பெருமையாக. "வெறும் சாமைய எவன் வாங்குவான்? உன் பாக்கெட்டு வாங்கறவங்களுக்கு இதுல ஒண்ண கொசுறா போட்டேன். இப்ப பாரு, பிச்சிக்கினு போவுது."

மகளின் கையைக் கழுவிவிட்டுக்கொண்டே, யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"பஸ்ஸுக்குப் போறவங்க, யாருன்னு கண்டேன்? ஒரு அம்மா மட்டும் வாராவாரம் உன் பாக்கெட்டையே கேட்டு வரும். இடுப்புல ஒரு பையன். அவனுக்கும் மல்லாட்ட ஆவாதாம். அதனால இத்தினி நாளு அதுக்குக் கொசுறு போடல; கொஞ்சங் கொஞ்சமா தின்னாதான பழகும்னு பாவமா இருந்துச்சு. நேத்து அதுக்கு மட்டும் ரெண்டா போட்டுக் குடுத்தேன்."

எனக்குப் பயமாக இருந்தது. என்ன செய்துவிட்டார் என்று நான் சொன்னதும் கடைக்காரருக்கும் முகம் வெளுத்துவிட்டது. அந்த அம்மாவின் ஊரும் தெரியாது, போன் நம்பரும் கிடையாது. பிறகு தினமும் அந்தக் கடை வாசலில் போய் உட்கார்ந்தேன். தொழில்முனைவோர் பார்க்கிற வேலை இதுதான்.

ஒருநாள் அந்த அம்மா வந்தார். பையன் இடுப்பில் இருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உருண்டை செய்கிறவன் நான்தான் என்று சொல்லி, நடந்ததையும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

"மத்தது எது வாங்கினாலும் நான் ஒரு வாய் தின்னு பாத்துட்டுதாங்க இவனுக்குக் குடுப்பேன். உங்க பாக்கெட்டுன்னா பாக்கறதில்லீங்க. கொசுறும் உங்களுதுன்னுதான் நெனச்சேன். ராவெல்லாம் ஆஸ்பத்திரில கெடந்தோம்."

பையன் என் பாக்கெட்டைக் கண்டதும் கை நீட்டினான். வேறு எதையும் தின்ன மாட்டேன் என்கிறான் என்றார். புது பாக்கெட் ஒன்றைப் பிரித்து நீட்டினேன். அவர் ஓர் உருண்டையை எடுத்தார். பையன் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். அவர் என் முகத்தைப் பார்க்காமல், அதில் ஒரு துண்டைப் பிட்டு முதலில் தன் வாயில் போட்டு மென்றார்.