ஜவ்வரிசி லாரியும் எட்டு டிகிரியும்: டிரான்ஸ்போர்ட் நகரில் இரண்டு நாள்

வழக்கமாக இந்த வலைப்பூவில் மலை, கோட்டை, ஏரி என்று எழுதுவேன். இந்த முறை போனது டெல்லிக்குள்ளேயே இருபத்தைந்து கிலோமீட்டர். ஆனாலும் இதுவரை போன பயணங்களில் இதைப் பற்றித்தான் அதிகம் பீற்றிக்கொள்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து பழைய லாரியில் வடக்கே வருகிறவர்களுக்குக் கட்டாயம் உதவும். மற்றவர்கள் என் பெருமைக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி இரண்டாவது வாரம், சனிக்கிழமை காலை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் ஹீட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோது தங்கை அமுதாவின் போன் வந்தது. அவள் நாமக்கல்லில் இருக்கிறாள். கணவர் முருகேசனுக்கு இடுப்பு எலும்பு முறிந்து லாரி ஓட்ட முடியாமல் போனதும், உரிமம் எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தவள். ஜவ்வரிசி மூட்டைகளோடு 2,500 கிலோமீட்டர் வந்து, டிரான்ஸ்போர்ட் நகரில் லோடை இறக்கியிருந்தாள். டெல்லிக்கு இதுதான் அவளுடைய முதல் நடை.

"அண்ணா, வண்டி எந்திரிக்கவே மாட்டேங்குது. செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி படுத்துருச்சு. எங்க வூட்டுக்காரரோட அண்ணன், கெடைச்ச வெலைக்கு வண்டிய அங்கயே வித்துட்டு ரயிலேறி வந்துருன்னு சொல்றாரு."

"நீ என்ன சொன்னே அம்மிணி?"

"எங்கண்ணங்கிட்டக் காட்டிட்டுச் சொல்றேன்னேன். நான் ரயில்ல போய் எறங்குனேன்னா அப்புறம் ஒருத்தரும் என்ற கையில சாவி குடுக்க மாட்டாங்கண்ணா."

நான் ராணுவத்தில் பதினேழு வருடம் வண்டி மெக்கானிக்காக இருந்தவன். இப்போது ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிறேன். ஸ்பேனர் பிடித்து நாளாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வழி கேட்பவர்களுக்கு: ஐ.என்.ஏ. நிலையத்தில் மெட்ரோ மஞ்சள் தடத்தில் ஏறி ஹைதர்பூர் பாத்லி மோரில் இறங்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து பேட்டரி ரிக்‌ஷா, ஆளுக்கு இருபது ரூபாய். பனிமூட்டத்தில் பெயர்ப்பலகை எதுவும் தெரியாது. டயர் எரிகிற வாசனையை வைத்துக்கொண்டு இறங்கிவிடலாம்.

அமுதா ஸ்வெட்டருக்கு மேல் கணவரின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு லாரியடியில் நின்றிருந்தாள். ஒன்பது வயது வண்டி, ஆறு சிலிண்டர், கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத பழைய டீசல் பம்ப். பக்கத்துக் கடை மெக்கானிக் பல்விந்தர் ஏற்கனவே ஃபில்டர் மாற்றி, டீசல் லைனில் புகுந்த காற்றை எடுத்து, டீசலைப் பீச்சும் நாசில்களையும் சோதித்துவிட்டார். எல்லாம் சரியாக இருந்தன. "தண்ட் ஹை பாயி சாப், ஔர் குச் நஹீ," என்று குளிரின் மேல் பழியைப் போட்டார். அமுதா டெல்லி டீசலின் மேல் போட்டாள்.

எண்ணெய்ச் சட்டிக்கு அடியில் தணல் வைத்துச் சூடாக்கி, வேறு பேட்டரி கொடுத்து ஒருவழியாகக் கிளப்பினோம். வெள்ளைப் புகை அந்தத் தெருவையே மூடிவிட்டது. எதிர்க் கடையில் பராட்டா தின்றுகொண்டிருந்தவர்கள் தட்டோடு எழுந்து போனார்கள். ஒரு போக்குவரத்துக் காவலர் வந்து, இந்தப் புகையோடு வண்டி கேட்டைத் தாண்டினால் பிடித்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அன்று முழுக்க அந்த வெள்ளைப் புகை எங்கள் எல்லோர் தலையையும் தின்றது. சாயங்காலம் டீ குடிக்கும்போது, வழியில் வண்டி எப்படி ஓடியது என்று ஊர் ஊராகக் கேட்டேன்.

"ஐதராபாத் வரைக்கும் தொட்டா ஸ்டார்ட்டுண்ணா. நாக்பூர்ல விடியக்காலைல கொஞ்சம் மொரண்டு புடிச்சுது. ஜான்சில ரொம்ப. மேட்டுலதான் மொதல்லருந்தே இழுவை இல்ல. லோடு ஜாஸ்தின்னு நெனச்சேன்."

"கிளம்பறதுக்கு முன்னாடி பம்புல கை வெச்சீங்களா?"

"கழட்டி சர்வீஸ் பண்ணி மாட்டுனாங்க. ஒரே செல்ஃப்ல எந்திரிச்சுது. எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி அனுப்பீட்டாங்க."

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது. பம்பைத் திருப்பி மாட்டும்போது டைமிங் தாமதமாக விழுந்திருக்கிறது. பிஸ்டன் மேலே வந்து சேர்கிற நேரத்துக்கு டீசல் பிந்தி வருகிறது. நாமக்கல் வெயிலில் இன்ஜின் எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதால் பிந்தி வந்த டீசலும் எரிந்துவிடும். டெல்லிக் குளிரில் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே போகும். நம்மூர் வெயில் மூடி மறைத்த தப்பு இது. இரண்டு ஊரிலும் குப்பை கொட்டிய ஒருவனுக்குத்தான் இது பிடிபடும் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலையில் இறங்கினோம். முதல் சிலிண்டருக்குப் போகிற பைப்பைக் கழற்றி, பம்பில் அதற்கான வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, வளைந்த சிறு குழாய் ஒன்றைப் பொருத்தினேன். பல்விந்தர் கொடுத்த குழாய் அது. கை பம்பால் அடித்தால் அதன் வழியே டீசல் ஒழுகும். இன்ஜினை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் ஒழுக்கு சொட்டாகி நின்றுவிடும். அந்த இடத்தில்தான் பம்ப் டீசலைத் தள்ளத் தொடங்குகிறது. அப்போது இன்ஜினோடு சுற்றும் பெரிய சக்கரமான ஃப்ளைவீலில் எந்தக் குறி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அமுதா கடப்பாரையால் ஃப்ளைவீலைத் திருப்பினாள். குறி வந்தது. ஒழுக்கு நிற்கவே இல்லை. பம்பே போய்விட்டது என்று நான் ஆரம்பித்தேன். அவள் எழுந்து மூடி திறந்திருந்த, வால்வுகளை அசைக்கும் ராக்கர்களை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, ஒண்ணாவது சிலிண்டர் வால்வுதான் ஆடுது. ஆறாவது ஆடோணும்ல? இன்னும் ஒரு முழுச் சுத்து பாக்கி இருக்குது."

பதினேழு வருட அனுபவம் அங்கேயே தோற்றது. ஒன்றும் ஆறும் சேர்ந்தே மேலே வரும் என்பதும், ஆறாவதின் வால்வுகள் ஆடும்போதுதான் முதலாவது எரியத் தயாராக இருக்கும் என்பதும் நான் ராணுவத்தில் புதிதாக வந்தவர்களுக்குக் கத்திக் கத்திச் சொன்ன பாடம். பல்விந்தர் சிரிப்பை அடக்கவே இல்லை.

இன்னொரு சுற்று திருப்பினோம். குறியைத் தாண்டி, கிட்டத்தட்ட எட்டு டிகிரி போன பிறகுதான் சொட்டு நின்றது. பம்பை இன்ஜினோடு இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகள் நீளத் துளையின் ஓரத்துக்கே நகர்ந்திருந்தன. சரியாக முறுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஃப்ளைவீலைக் குறியில் நிறுத்தி, போல்ட்டுகளைத் தளர்த்தி, சொட்டு நிற்கும் வரை பம்பைத் திருப்பி, முறுக்கினேன். மறுபடி இரண்டு தடவை சோதித்தோம். இரண்டு தடவையும் குறியிலேயே நின்றது.

தணல் வைக்கவில்லை. அமுதா ஏறிச் சாவியைத் திருப்பினாள். அரை நொடிகூட இல்லை, வண்டி எழுந்துகொண்டது. புகை கொஞ்ச நேரம் வெளிறித் தெரிந்து பிறகு காணாமல் போனது. அமுதா கீழே குதித்தாள். கணவரின் அண்ணனுக்கு போன் போட்டு, அதை அப்படியே இன்ஜின் பக்கம் நீட்டினாள்.

மறுநாள் பிளாஸ்டிக் சாமான்கள் லோடு ஏற்றி, குண்ட்லியில் புறவழி விரைவுச் சாலை பிடித்து 135 கிலோமீட்டர் ஓடி பல்வலில் இறங்கினோம். விடுப்பு சொல்லிவிட்டு நானும் உட்கார்ந்து போனேன். ஒரு பாலத்தில்கூட அவள் கியர் குறைக்கவில்லை. அவள் அப்படியே தெற்கே போக, நான் பல்வலிலிருந்து உள்ளூர் ரயிலில் நிஜாமுதீன் திரும்பினேன்.

குளிர்காலத்தில் வடக்கே வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பம்பைக் கழற்றி மாட்டினால், ஊரில் ஒரே செல்ஃபில் எழுந்ததை நம்பிக் கிளம்பாதீர்கள். சொட்டு பார்க்கும்போதும் கப்ளிங் போல்ட்டை முறுக்கும்போதும் எதிரில் நின்று சாட்சியாக இருங்கள். இன்ஜினை ஓடும் திசையிலேயே திருப்புங்கள். குறியைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள். எடுத்த வால்வை மறக்காமல் திரும்பப் போடுங்கள். வெள்ளைப் புகைக்குக் குளிரைத் திட்டுவதற்கு முன், பக்கத்தில் நிற்கும் அதே மாதிரி வண்டி எப்படி எழுகிறது என்று பாருங்கள்.

போன வாரம் அமுதா ஒரு படம் அனுப்பினாள். லாரியின் நெற்றியில் மஞ்சள் பெயின்டில் பெரிதாக அவள் பெயர். பெயின்டரைக் கூட்டிவந்து எழுதச் சொன்னது கணவரின் அண்ணனாம். படத்தை நன்றாகப் பெரிதாக்கி, முன்பக்கம், பக்கவாட்டு, பம்பர் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். டைமிங் வைத்தவன் பெயரை எங்கும் காணோம்.